160 குடும்பம், 16 வீடு: காட்பாடிப் பக்கச் சபையை வீட்டுக்கூட்டங்களாக அமைக்கும்போது

வட ஆற்காட்டுச் சபைகளுக்கு வீட்டில் கூடி ஜெபிப்பது பழக்கமானதுதான். ஈஸ்டருக்கு முந்தைய லெந்து (தவக்கால) நாட்களில் வீட்டுக்கு வீடு ஜெபம், புதுவீட்டுக்கு ஸ்தோத்திரக் கூட்டம், துக்க வீட்டில் ஆறுதல் ஜெபம் எல்லாம் எங்கும் உண்டு. போதகர் வருவார், பிரசங்கம் செய்வார், வீட்டார் சாப்பாடு போடுவார்கள், எல்லோரும் கலைவார்கள். அடுத்த வாரம் அதே தெருவில் ஒருவர் காய்ச்சலில் படுத்தால் சபைக்குத் தெரியாது. இந்த ஆய்வு எடுத்துக்கொள்வது அந்த இடைவெளியைத்தான். ஒருவர் வரவில்லை என்பது அன்றிரவே தெரிந்துவிடும் அளவுக்குச் சிறிய கூட்டங்களாகச் சபையை அமைத்து, அன்றாடப் பராமரிப்பை அவற்றின் கையில் கொடுப்பது எப்படி, எங்கே அது முறிகிறது என்று பார்க்கிறோம்.

எடுத்துக்கொண்டிருப்பது மாதிரிச் சபை. பெயருள்ள எந்தச் சபையையும் குறிக்கவில்லை, எண்கள் கணக்குப் போட்டுக் காட்டுவதற்காக. பாலாற்றின் வடகரையில், காட்பாடிப் பக்கம், காந்தி நகர், விருதம்பட்டு, தாராபடவேடு, காங்கேயநல்லூர் எனப் பரவிய 140 குடும்பம். 8 கிலோமீட்டர் தள்ளி ஒரு கிராமத்தில் 20 குடும்பம். போதகர் ஒருவர். ஆஸ்பத்திரி வேலைக்காரர்கள், ரயில்வே குடும்பங்கள், ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், ஷூ கம்பெனிக்கு வேனில் போகும் பெண்கள், கல்லூரிக்காக வாடகைக்கு வந்தவர்கள் என்று கலவையான சபை.

போதகர் வாரத்தில் நான்கு மாலை, மாலைக்கு இரண்டு வீடு என்று தவறாமல் போனாலும் வாரம் 8 வீடுதான். ஒரு சுற்று முடிய 20 வாரம். கல்யாணம், அடக்கம், கமிட்டி, கிறிஸ்மஸ் பவனி, லெந்து ஆராதனைகள் இவற்றைக் கழித்தால் ஒரு வீட்டுக்கு வருஷத்தில் இரண்டு முறை போவதே பெரிய காரியம். அக்கறை இல்லாததால் வந்த குறை என்று இதைச் சொல்ல முடியாது. ஒரு ஆள், 160 வீடு என்ற கணக்கே இடம் கொடுக்கவில்லை.

இந்த மண்ணில் இதற்கு முன்பும் அதே கணக்கு இருந்தது. 1853இல் அமெரிக்க மிஷனரிகளான ஸ்கடர் சகோதரர்கள் ஆற்காடு மிஷனைத் தொடங்கிய பின், கிராமங்களில் சபையைத் தாங்கியவர்களில் உபதேசியார்களும் (கிராமத்திலேயே தங்கிப் போதித்தவர்கள்) வேதாகம ஸ்திரீகளும் (வீடு வீடாகப் போய் வேதம் வாசித்துச் சொன்ன பெண்கள்) முக்கியமானவர்கள். குருவானவர் எப்போதோ வந்துபோகும் கிராமத்தில், பிள்ளைக்கு அட்சரம் சொல்லிக்கொடுத்து, நோயாளி பக்கத்தில் உட்கார்ந்து ஜெபித்தது அந்தக் கைகள். 1947இல் தென்னிந்தியத் திருச்சபை உருவாகி, 1976இல் வேலூர் திருமண்டலம் தனியாகிய காலத்துக்குள் சபைகள் நகரத்துப் பக்கம் வளர்ந்துவிட்டன. உபதேசியார் செய்த வேலை தேவைப்படாமல் போகவில்லை, அதைச் செய்ய ஆள் இல்லாமல் போனது.

கத்தோலிக்கப் பங்குகள் (ஒரு குருவின் பொறுப்பிலுள்ள சபைகள்) இதற்கு ஒரு பதிலை வைத்திருக்கின்றன. அன்பியம் என்ற பெயரில் பொதுவாக 20 முதல் 30 குடும்பங்களை ஓர் அலகாக்குகிறார்கள். ஆசிய ஆயர் பேரவைகளின் கூட்டமைப்பு 1990இல் பாண்டுங்கில் கூடியபோது, பங்கு என்பது சிறு சமூகங்களின் சமூகமாக இருக்க வேண்டும் என்று சொன்னது இந்தப் பாதைக்குப் பலம் சேர்த்தது. தென்னாப்பிரிக்காவின் லும்கோ நிறுவனத்திலிருந்து பரவிய ஏழு படி வேதப் பகிர்வை அன்பியங்களில் பயன்படுத்துகிறார்கள்: ஆண்டவரை அழைத்தல், வாசித்தல், மனதைத் தொட்ட சொல்லைத் திரும்பச் சொல்லுதல், மௌனம், பகிர்தல், செய்யப்போகும் செயலைப் பேசுதல், சொந்த வார்த்தையில் ஜெபித்தல். இதில் ஆறாவது படியைத் தாண்டிப் போய்விடும் பழக்கம் எளிதில் வந்துவிடும். அந்தப் படி இல்லையென்றால் மீதி ஆறும் ஒரு பக்திக் கூட்டமாக நின்றுவிடும்.

வரைபடம் முதலில்

பெரும்பாலும் முதல் தவறு குடும்ப அட்டைப் பெட்டியில் நடக்கிறது. அகர வரிசையிலோ, சந்தா ரிஜிஸ்டர் வரிசையிலோ பத்துப் பத்தாக எண்ணிப் பிரித்துவிடுகிறார்கள். செய்ய வேண்டியது வேறு. ஊர் வரைபடத்தை ஒரு சார்ட்டில் பெரிதாக வரைந்து, ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு புள்ளி வையுங்கள். கைக்குழந்தையோடு ஒரு பெண் இரவு எட்டரை மணிக்கு நடந்து திரும்பக்கூடிய தூரம், அதாவது பத்து நிமிஷ நடை, குழுவின் எல்லை. பாலாற்றுப் பாலத்தையும் ரயில் பாதையையும் எந்தக் குழுவும் தாண்டக் கூடாது. மாலை நெரிசலில் பாலத்தைக் கடந்து வர வேண்டியவர் மூன்றாம் வாரம் வரமாட்டார்.

ஆனால் தூரத்தை மட்டும் பார்த்தால் அடுத்த பள்ளம் காத்திருக்கிறது. நம் ஊர்களில் தெரு என்பது பல இடங்களில் சாதியின் எல்லை. தெருவாரியாகப் பிரித்த குழு, ஞாயிற்றுக்கிழமை ஒரே பெஞ்சில் உட்காருகிறவர்களை வாரநாளில் மறுபடி தனித்தனியாக்கிவிடும். நகரில் ஆபீஸர் வீடுகளும் பின்னாலுள்ள காலனியும் நூறு அடி இடைவெளியில் இருக்கும். ஆகவே எல்லைக் கோட்டை அந்த இடைவெளியின் குறுக்கே இழுங்கள்: இந்தப் பக்கம் ஐந்து வீடு, அந்தப் பக்கம் ஐந்து வீடு. முதல் கூட்டம் காலனி வீட்டில். எல்லோரும் ஒரே பாயில், ஒரே டம்ளர் செட்டில் டீ. சுழற்சி வரிசையை எழுதி ஒட்டிவிட வேண்டும். “வசதிப்படி பார்த்துக்கொள்வோம்” என்று விட்டால் கூட்டம் மூன்றே வீடுகளில் சுற்றும், அவை எந்தப் பக்கத்து வீடுகள் என்று எல்லோருக்கும் தெரியும். சபை சபையாக நிற்கிறதா என்று தெரியும் இடம் இதுதான். இதில் விட்டுக்கொடுத்தால் மற்ற ஏற்பாடுகள் எதற்கும் மதிப்பில்லை.

இப்படிப் பிரித்தால் 160 குடும்பத்துக்கு 16 குழு, குழுவுக்குப் பத்துக் குடும்பம், கிராமத்துக்கு இரண்டு. பத்துக் குடும்பம் ஏன்? வீட்டின் ஹாலை அளந்து பாருங்கள். 10க்கு 12 அடி ஹால் 120 சதுர அடி. கட்டில், பீரோ, டிவி ஸ்டாண்டு 35 முதல் 40 சதுர அடியை எடுத்துக்கொள்ளும். மீதி 80. பாயில் சம்மணமிட்டு உட்கார ஒருவருக்கு ஐந்தரை, ஆறு சதுர அடி. 13, 14 பெரியவர்கள். பத்துக் குடும்பத்தில் ஷிப்டு, உடம்பு சரியில்லை, பரீட்சை என்று கழித்தால் வருவதும் அவ்வளவே. இருபது பேரானால் வாசலில் நிற்பார்கள். நாற்காலி வாடகைக்கு எடுப்பார்கள். பின்னால் இருப்பவருக்குக் கேட்கவில்லை என்று மைக் வரும். மைக் வந்தால் பிரசங்கி வருவார், பக்கத்து வீட்டார் மனம் வருந்துவார்கள். பராமரிப்புக்காகத் தொடங்கியது மூன்றே மாதத்தில் கன்வென்ஷனாகிவிடும்.

பெயரையும் யோசித்து வையுங்கள். குடியாத்தம் தொடங்கி ஆற்காடு வரை எத்தனையோ தெருக்களில் “குழு” என்றாலே குழுக் கடன்தான் நினைவுக்கு வரும். வாரம் ஒரு வீட்டில் சென்டர் மீட்டிங், ஒருவர் கட்டாவிட்டால் மற்றவர்கள் சேர்ந்து கட்ட வேண்டும். அந்தச் சொல்லைக் கேட்டதும் ஒரு பெண் கதவைச் சாத்தினால் குற்றம் அவள்மேல் இல்லை. வீட்டு ஜெபம், ஜெப வட்டம், தெருச் சபை, எது உங்கள் ஊரில் கடனை நினைவூட்டாதோ அது.

தலைவர்களைப் பன்னிரண்டு வாரத்தில்

ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு தலைவரும் ஒரு துணையும். இருவரில் ஒருவர் பெண்ணாக இருப்பது நல்லது. பகலில் வீட்டுக்குள் போய் விசாரிக்க வேண்டிய காரியங்கள் பாதிக்கு மேல் பெண்களிடம்தான் வரும். தென்கொரியாவின் சியோலில் போதகர் யாங்கி சோ 1964இல் உடல் நொறுங்கிப் படுத்தபோது, வீட்டுக்குழுக்களின் பொறுப்பைப் பெண்களிடம் கொடுத்துத்தான் அந்தச் சபை எழுந்தது. நம்மிடம் வேதாகம ஸ்திரீகளின் மரபே இருக்கும்போது அதற்குச் சியோல் வரை போக வேண்டியதில்லை.

நன்றாகப் பிரசங்கிப்பவரைத் தலைவராக்காதீர்கள். இந்த வேலைக்கு வேண்டியது காது. சபையில் யார் வீட்டுக்கு ஜனங்கள் தாங்களாகவே போய் உட்கார்ந்து பேசுகிறார்களோ அவரே ஆள். அவர் பத்தாம் வகுப்பு முடிக்காதவராக இருக்கலாம்.

16 குழுவையும் ஒரே ஞாயிற்றுக்கிழமை தொடங்கிவைக்கும் ஆசை எல்லாக் கமிட்டிக்கும் வரும். அடக்கிக்கொள்ளுங்கள். ஈஸ்டர் முடிந்ததும் 12 பேரைப் போதகர் தன் வீட்டில் கூட்டி, 12 வாரம் ஒரு வீட்டுக்குழுவாகவே நடத்துகிறார். வகுப்பு, நோட்ஸ் கிடையாது. முதல் மூன்று வாரம் அவர் நடத்துவார், மீதி ஒன்பது வாரம் அவர்கள் முறைவைத்து. முடிந்தபின் அரைமணி நேரம் ஒரே கேள்வி: இன்று பேசாமல் இருந்தவர் யார், ஏன்? ஜூலை நடுவில் இந்த 12 பேர் இரண்டிரண்டாகப் பிரிந்து ஆறு குழு. டிசம்பர் பவனிக்கு முன் அவற்றுக்கு 20 வாரம் கிடைக்கும். தவறுகள் பெரும்பாலும் ஆறாவது வாரம் வாக்கில் தலைகாட்டத் தொடங்கும். ஆறு குழுவில் திருத்தினால் போதும், பதினாறில் திருத்த முடியாது. மீதி பத்துக் குழுவுக்கு 20 பேர் அடுத்த வருஷம் இரண்டு பிரிவாக அதே வழியில் வருவார்கள்.

தொடங்கியபின் தலைவர்களை எண்ணெய் ஊற்றி வைத்திருப்பது வாராந்தரச் சந்திப்பு. திங்கள் மாலை 45 நிமிஷம், போதகரோடு. அந்த வார வேதபாகம், மூன்று கேள்வி, பாரமான ஒன்றிரண்டு காரியங்கள். இதை மாதம் ஒருமுறை ஆக்கினால், முதல் வாரத்தில் வந்த பிரச்சினை நான்காம் வாரத்தில் போதகர் காதுக்கு வரும், அதற்குள் அது ஊர் பேச்சாகியிருக்கும். குழுக்கள் சோர்ந்துபோகும் இடத்தில் முதலில் இந்தத் திங்கட்கிழமை நின்றுபோயிற்றா என்று பாருங்கள்.

எழுபத்தைந்து நிமிஷம்

மாலை 7 மணி முதல் 8.15. கிழமை புதனோ வியாழனோ. வெள்ளி உபவாச ஜெபத்தோடு மோதும். ஆடியில் அம்மன் கோயில்களின் விழா நாள் அது, தெருவே அவர்களுடையதாக இருக்கும், அதற்கு வழிவிடுவதே முறை. ஷூ கம்பெனிப் பெண்கள் காலையில் வேன் ஏறினால் திரும்பி வந்து அடுப்பு பற்றவைக்கவே ஏழாகிவிடும், அவர்கள் அதிகமுள்ள குழுவுக்கு ஞாயிறு மாலை 4 மணி. ஆஸ்பத்திரி ஷிப்டுக்காரர்களுக்கு எந்தக் கிழமையும் முழுதாக ஒத்துவராது. அவர்கள் வராத வாரம் துணைத் தலைவர் போனில் பேசுவதை வழக்கமாக்க வேண்டும்.

பாட்டு இரண்டு, பத்து நிமிஷம். கீர்த்தனையோ பாமாலையோ, எல்லோருக்கும் மனப்பாடமானது, கீபோர்டு வேண்டாம். அடுத்த 30 நிமிஷம் வேதபாகம், 12 முதல் 15 வசனத்துக்கு மேல் போகாமல். ஆளுக்கு இரண்டு வசனமாக வாசிக்கலாம், ஆனால் எழுத்துக் கூட்டி வாசிக்கும் பாட்டியை முறை வந்துவிட்டது என்று கூச்சப்படுத்தாதீர்கள், விரும்பியவர் வாசிக்கட்டும். கேள்விகள்: இங்கே என்ன நடக்கிறது? இதில் நம் வீட்டை யார் நினைவூட்டுகிறார்? இந்த வாரம் நாம் என்ன செய்யப்போகிறோம்? “இதிலிருந்து கிடைக்கும் பாடம் என்ன” என்று கேட்டால், பள்ளிக்கூடத்தில் பதில் சொல்லிப் பழகியவர் மட்டும் பேசுவார். ஒருவருக்கு மூன்று நிமிஷத்துக்கு மேல் இல்லை, தலைவருக்கும் அதே. பிறகு 25 நிமிஷம் தேவைகளும் ஜெபமும். கடைசிப் பத்து நிமிஷம் நோட்டும் டீயும்.

பிள்ளைகள் ஐந்தாறு பேர் இருப்பார்கள். வேதபாக நேரத்தில் பத்தாம் வகுப்பு முடித்த ஒரு பெண்ணோ பையனோ அவர்களை அடுத்த அறைக்கு அழைத்துப்போய்க் கதை சொல்ல வேண்டும். இதை முறை எழுதாவிட்டால் ஒரு தாய் வாரந்தோறும் வெளியே இருப்பார். ஏப்ரல், மே மாதங்களில் நம் வேலூர் வெக்கையில் ஹால் தாங்காது. ஏழரைக்கு மேல் மொட்டை மாடி. ஓட்டு வீடென்றால் முற்றம், தாழ்ந்த குரலில்.

நோட்டுதான் இந்த ஏற்பாட்டின் இதயம். 40 பக்க நோட்டு ஒன்று, வரிசைகள் ஐந்து: தேதி, வீடு, வந்தவர், வராதவர், யார் போய்ப் பார்ப்பது. வந்தவர் எண்ணிக்கையைப் பெரிதாக எழுதாதீர்கள். நான்காவது ஐந்தாவது வரிசைக்காகத்தான் நோட்டே. வராதவர் வீட்டுக்கு 48 மணி நேரத்துக்குள் ஒருவர் போக வேண்டும், “ஏன் வரலை” என்று கேட்க அல்ல, “எப்படி இருக்கீங்க அக்கா” என்று கேட்க. எண்ணிக்கையை ஞாயிறு அறிவிப்பில் வாசித்து எந்தக் குழு முதல் என்று சொல்ல ஆரம்பித்த நாளிலிருந்து நோட்டில் பொய் ஏறும்.

கெட்டுப்போகும் இடங்கள்

சாப்பாடு. முதல் வாரம் டீயும் பிஸ்கட்டும், நான்காம் வாரம் சுண்டலும் கேசரியும், எட்டாம் வாரம் ஒரு வீட்டில் பிரியாணி. அதற்கடுத்த முறை வர வேண்டிய விதவைத் தாய், “எங்க வீட்ல இடம் பத்தாதுங்க” என்பார். இடம் காரணமாக இருக்காது. ஆகவே முதல் நாளே சட்டம்: டீயோ சுக்குக் காபியோ, கூட வேகவைத்த கடலையோ பிஸ்கட்டோ ஒன்று மட்டும். 12 டம்ளர் டீக்கு முக்கால் லிட்டர் பால் போதும். அதுவும் சிரமமுள்ள வீட்டுக்குத் துணைத் தலைவர் பால் பாக்கெட்டை முன்கூட்டியே, யாரும் பார்க்காமல் கொடுத்துவிட வேண்டும்.

பணம். மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் வகுப்புக் கூட்டங்கள் 1742இல் இங்கிலாந்தின் பிரிஸ்டலில் தோன்றியதே ஆலயக் கடனை அடைக்கத்தான்: 12 பேருக்கு ஒருவர், வாரம் ஒரு பென்னி. வசூலுக்கு வீடு வீடாகப் போனவர் அந்த வீட்டு நிலையைக் கண்டார், வசூல்காரர் மேய்ப்பரானார். அங்கே பணம் கதவைத் திறந்தது. இங்கே குழுக் கடனும் சீட்டும் நகை அடகும் சூழ்ந்த தெருக்களில் அது கதவை மூடும். வீட்டுக்கூட்டத்தில் காணிக்கைப் பை வேண்டாம், சீட்டு வேண்டவே வேண்டாம், உறுப்பினருக்குள் கடன் கொடுக்கல் வாங்கலைத் தலைவர் ஊக்குவிக்கக் கூடாது. ஆஸ்பத்திரிச் செலவு போன்ற அவசரத்துக்குச் சேர்த்தால் இரண்டு பேர் கையெழுத்தோடு, அதற்கென்றே ஒரு தாளில், கொடுத்த அன்றே கணக்கு முடித்துவிட வேண்டும்.

ரகசியம். கணவன் குடி, பிள்ளையில்லாத வேதனை, மகளின் காதல் எல்லாம் ஜெபக் குறிப்பாக வரும். வாட்ஸ்அப் குரூப்பில் பெயரோடு போட்டால் ஞாயிற்றுக்கிழமைக்குள் பாலத்துக்கு அந்தப் பக்கமும் தெரிந்துவிடும். சொன்னவர் அனுமதி இல்லாமல் எதையும் வாசல்படி தாண்டி எடுத்துப்போகக் கூடாது. ஒருமுறை மீறப்பட்டால் அந்தக் குழுவில் அதற்குப்பிறகு தலைவலிக்கும் பரீட்சைக்கும் மட்டும்தான் ஜெபம் கேட்பார்கள். இதற்கு ஒரே விதிவிலக்கு அடி உதை, பிள்ளைகளுக்குத் தீங்கு. அங்கே தலைவர் பஞ்சாயத்து செய்யவும் கூடாது, “ஜெபித்துப் பொறுத்துக்கொள்” என்று சொல்லவும் கூடாது. பெண்களுக்கான 181, குழந்தைகளுக்கான 1098 எண்களை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவைத்து, பாதிக்கப்பட்டவரோடு உட்கார்ந்து அழைக்க உதவ வேண்டும். பிள்ளைக்குத் தீங்கு என்றால் எவர் தடுத்தாலும் அழைக்க வேண்டும்.

வாடகை வீடு. ஹவுஸ் ஓனரிடம் முன்னாலேயே சொல்லாமல் கூட்டம் வைத்தால், அந்தக் குடும்பம் வீட்டை இழக்கலாம். ஒரே வாடகை வீட்டில் மாதம் ஒருமுறைக்கு மேல் வேண்டாம்; பைக்குகள் அடுத்த வீட்டு கேட்டை மறிக்கக் கூடாது. பக்கத்து வீட்டு இந்து, இஸ்லாமியக் குடும்பங்களிடம் தலைவர் நேரில் போய், எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்கு முடியும் என்று சொல்லிவிடட்டும், சொன்ன நேரத்தில் முடிக்கட்டும்.

எலெக்ஷன். சபையார் வெளியே பேசத் தயங்கும் இது, குழுக்களை வேகமாகக் கெடுப்பது. சபையை நிர்வகிக்கும் பாஸ்டரேட் கமிட்டிக்குத் தேர்தல் வந்தால், பத்துப் பத்துக் குடும்பமாக அடுக்கிவைத்த சபை வாக்கு சேகரிப்பவருக்குக் கட்டிக்கொடுத்த மூட்டை மாதிரி. தலைவர், துணை இருவரும் வேட்பாளராகவோ ஏஜெண்டாகவோ நிற்பதில்லை என்று தொடக்கத்திலேயே எழுதி வாங்க வேண்டும். நிற்க விரும்பினால் ஆறு மாதத்துக்கு முன் பொறுப்பை விட வேண்டும். அதோடு சேர்ந்ததே இன்னொரு பயம்: வரம் பெற்ற ஒரு தலைவர் தன் குழுவையே கூட்டிக்கொண்டு போய் ஷெட் போட்டுத் தனிச் சபை தொடங்கிவிடுவாரோ என்று. ஞானஸ்நானமும் திருவிருந்தும் ஆலயத்தில், பொறுப்பு மூன்று வருஷம், பிறகு வேறு குழுவில் சாதாரண உறுப்பினர் என்ற ஒழுங்கு பெருமளவு காக்கும். ஆனால் இந்தப் பயத்தால் எல்லாத் தீர்மானத்தையும் போதகரே பிடித்துக்கொண்டால், தலைவர்கள் வெறும் அட்டெண்டன்ஸ் எடுப்பவர்கள் ஆவார்கள்.

தனிக்குடித்தனம்

எட்டு வாரம் தொடர்ந்து 15 பேருக்கு மேல் வந்தால் குழுவை இரண்டாக்கும் நேரம். “பிரிவு” என்ற சொல்லை வாயில் எடுக்காதீர்கள். நம் சபைகளில் அதற்குப் பழைய காயங்கள் உண்டு. மகனுக்குத் தனிக்குடித்தனம் வைத்துக்கொடுப்பது போலச் செய்யலாம். துணைத் தலைவர் புதுக்குழுவை எடுத்துக்கொள்வார். இரண்டு மாதம் முன்பே தெரிவித்து, கடைசி நான்கு வாரம் ஒரே நாளில் இரண்டு அறையில் கூடி, டீக்கு ஒன்றாகச் சேர்ந்து பழக வேண்டும். எல்லை மறுபடி வரைபடத்தைப் பார்த்து. நட்பைப் பார்த்துப் பிரித்தால் கூச்சமுள்ள இரண்டு குடும்பம் எந்தப் பக்கமும் இல்லாமல் நிற்கும். பிரிந்தபின் மூன்று மாதத்துக்கு ஒருமுறை இரு குழுவும் ஒரே வீட்டில் கூடட்டும்.

எதிர்ப்பக்கமும் உண்டு. ஆறு பேருக்குக் கீழே இறங்கி மூன்று மாதமான குழுவை இழுத்துக்கொண்டே போகக் கூடாது. பக்கத்துக் குழுவோடு சேர்த்துவிட்டு, தலைவரைக் குற்றப்படுத்தாமல் ஓய்வு கொடுங்கள். கிராமத்து 20 குடும்பத்தில் வேலைக்கு வெளியூர் போகிறவர்கள் அதிகமானால் இரண்டு குழு ஒன்றாவது இயல்பு. அங்கே கூட்டம் நிலா வெளிச்சத்திலோ தெருவிளக்கடியிலோ நடக்கும், எட்டு மணிக்கு மேல்தான் ஆள் சேரும், அதற்கு நகரத்து நேரத்தைத் திணிக்க வேண்டாம்.

போதகர் மாற்றலாகும் நாளைத் தொடக்கத்திலேயே கணக்கில் வைக்க வேண்டும். வீட்டுக்கூட்டம் அவருடைய சொந்த ஆர்வமாக மட்டும் இருந்தால், அவரோடு லாரியில் ஏறிவிடும். கமிட்டித் தீர்மானம், வரைபடம், தலைவர் பெயர்ப் பட்டியல், திங்கள் சந்திப்பு முறை ஆகியவை ரிஜிஸ்டரோடு சேர்த்துக் கையளிக்கப்பட வேண்டும். நோட்டுகள் மட்டும் அந்தந்தக் குழுவிலேயே இருக்கட்டும். புதுப் போதகர் வந்த முதல் 16 வாரம், வாரம் ஒரு குழுவில் போய், பிரசங்கம் செய்யாமல் பாயில் உட்கார்ந்து கேட்டால், நான்கே மாதத்தில் 160 குடும்பத்தின் நிலையும் ஏறக்குறைய அவர் கையில் வந்துவிடும். அப்படிப் போகும்போது தலைவரிடம் அவர் முதலில் கேட்க வேண்டியது: “போன வாரம் வராதவங்க யாரு, யார் போய்ப் பார்த்தீங்க?”